உடுவிலும் மருதனார்மடமும்: இரு மகளிர் விடுதிகளில் மாதங்கள் கழிந்தவாறு

பாடசாலைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அடிக்கல் நாட்டிய நாளையும், கட்டடம் எழுந்த ஆண்டையும், தலைமையாசிரியர்தம் பெயர் வரிசையையும், பரீட்சைப் பேறுகளையும் எழுதி அமைவர். அங்கே பயின்ற பிள்ளைகள் விடியலில் எப்பொழுது எழுந்தார்கள், எவர் சமைத்ததை உண்டார்கள், எந்த மாதத்தில் வீடு திரும்பினார்கள், எந்த மாதத்தில் வீட்டை நினைந்து ஏங்கினார்கள் என்பனவற்றை அவ்வரலாறுகள் சொல்வதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு இக்குறை ஓரளவு நீங்கியது. அவர்களுட் சிலர் பின்னாளிற் புலவராயும் பத்திராசிரியராயும் உத்தியோகத்தராயும் விளங்கித் தம் இளமையைப் பற்றித் தாமே எழுதி வைத்தனர். பெண்பிள்ளைகளுக்கோ அவ்வாய்ப்பும் அரிதாயிற்று. அவர்களைப் பற்றி எழுதியவர் பிறர். எழுதிய மொழியும் பெரும்பாலும் பிறமொழி. ஆதலின் யாழ்ப்பாணத்து மகளிர் விடுதிப் பாடசாலைகளிலே மாணவியர் வாழ்க்கை மாதந்தோறும் எவ்வாறு கழிந்தது என்று ஆராய்பவர், எழுதப்பட்டதை வாசிப்பதோடு எழுதப்படாததையும் ஊகித்தறிய வேண்டியவராவர்.

இவ்வாராய்ச்சிக்கு வலிகாமத்திலே அருகருகாய் அமைந்த இரண்டு இடங்கள் பெரிதும் பயன்படும். ஒன்று 1824ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனார் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை. மற்றையது 1913ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய, மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரி. இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் கால்நடையாகச் சிறிது பொழுதிற் கடக்கத்தக்கது. காலத்தாலோ அவை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு இடைவெளியுடையன. ஒரே செம்மண், ஒரே கிணற்று நீர், ஒரே பனங்கூடல். ஆயினும் ஒன்றில் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளால் அளக்கப்பட்டது, மற்றையதில் திதியாலும் நட்சத்திரத்தாலும் அளக்கப்பட்டது. இவ்வேறுபாடு சிறியதெனத் தோன்றினும், ஒரு பிள்ளை தன்னை எவ்வுலகத்துக்கு உரியவளாக எண்ணி வளர்கிறாள் என்பதை அறுதியிடுவது அதுவேயாம்.

அமெரிக்க மிசனார் 1816ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்து, அவ்வாண்டிலேயே தெல்லிப்பழையிற் பணி தொடங்கினர். 1820இல் மைரன் வின்சிலோ ஐயரும் அவர் மனைவியார் ஹரியற் வின்சிலோ அம்மையாரும் உடுவிலில் வந்து குடியமர்ந்தனர். ஐயர் பின்னாளில், 1862இல், அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டுப் புகழ்பெற்றவர். அம்மையாரின் புகழ் அவ்வளவு பரந்ததன்று. ஆயினும் யாழ்ப்பாணத்து வீடுகளின் உள்ளே நிகழ்ந்த மாற்றத்துக்குக் கணவரின் அகராதியினும் மனைவியின் பாடசாலையே பெரிதும் ஏதுவாயிற்று எனலாம். அவர் 1833ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், முப்பத்தாறு வயதில், உடுவிலிலேயே காலமானார். அவர்தம் நாட்குறிப்புக்களையும் கடிதங்களையும் கணவர் தொகுத்து நூலாக்கியமையால் அப்பாடசாலையின் முதற் பத்தாண்டு நிலையை ஒருவாறு அறிய முடிகின்றது. (அம்மையாரின் மகளுடைய பேரனார் ஒருவர், யோன் பொஸ்டர் டலஸ் என்பவர், 1953 முதல் 1959 வரை ஐக்கிய அமெரிக்காவின் அரசாங்கச் செயலாளராய் உலக அரசியலிற் பெரும்பங்கு கொண்டார் என்பது உடுவிலார் பலர் அறியாத செய்தி.)

தொடக்கத்திற் பிள்ளைகள் கிடைத்தல் அரிதாயிருந்தது. பெண் எழுத்தறிந்தால் யாது பயன் என்று கேட்டவர்கள் ஊரின் பாமரர் மட்டுமல்லர். கற்றோரும் அவ்வாறே கேட்டனர். ஆண்பிள்ளைகளை மிசன் பாடசாலைக்கு அனுப்பினால் உத்தியோகம் கிடைக்கும் என்னும் ஆசையாவது இருந்தது. பெண்பிள்ளைக்கு அவ்வாசையும் இல்லை. மாறாக, மிசன் வளவிலே சமைத்த சோற்றை உண்டால் சாதியாசாரம் கெடும், கெட்டால் மணமகன் கிடையான் என்னும் அச்சம் பெரிதாயிருந்தது. இச்சோற்றுச் சிக்கல் அக்காலத்து மிசன் விடுதிகள் யாவற்றுக்கும் பொதுவானது. வட்டுக்கோட்டையிலே ஆண்பிள்ளைகளுக்கான சமையலறையை மிசன் நிலத்துக்கு அப்பால், சைவர் ஒருவரின் காணியிலே அமைத்தே அதனைத் தீர்க்க வேண்டியிருந்தது. உடுவிற் பாடசாலையின் தோற்றம் பற்றி வழங்கும் கதையும் சோற்றைப் பற்றியதே. மிசன் வீட்டுக்கு விளையாட வந்த இரு சிறுமியர் ஒருநாள் மாலை பெருமழையில் அகப்பட்டு வீடு செல்லமாட்டாராய் அங்கே தங்கினர் என்றும், பசி தாங்காது அங்குக் கொடுத்ததை உண்டனர் என்றும், அதன் பின்னரே விடுதி தொடங்கிற்று என்றும் அக்கதை கூறும். கதையின் ஒவ்வொரு கூறும் மெய்யோ அன்றோ, ஒரு பிள்ளையின் எழுத்தறிவுக்கு ஒரு பிடி சோறு தடையாய் நின்றது என்பது மெய்.

பிள்ளைகளை ஈர்ப்பதற்காக மிசனார் உணவும் உடையும் இலவசமாக அளித்தனர். அதனோடும் அமையாது, படிப்பை முடித்துக் கிறித்தவர் ஒருவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தனர். சீதனம் என்னும் வழக்கத்தின் வேர் யாழ்ப்பாணத்திலே தேசவழமைச் சட்டத்தினுள்ளே ஆழ ஊன்றியது. அதனைப் பிடுங்க முயலாமல் அதன்மேலேயே ஒரு மகளிர் கல்வியை எழுப்பியமை மிசனாரின் விவேகமோ விட்டுக்கொடுப்போ என்பது ஆராயத்தக்கது. இரண்டும் எனக் கொள்வதே பொருந்தும். அவர்கள் கருத்தில் உடுவில் தனித்து நிற்பதொன்றன்று. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்கும் ஆடவர்க்கு ஏற்ற மனைவியரை ஆக்குவதே அதன் முதல் நோக்கமாயிருந்தது. ஆகவே அப்பெண்கள் கற்றது தமக்காக அன்று, வருங்காலக் கணவர்க்காக. ஆயினும் ஒருமுறை கற்ற எழுத்து கற்பித்தவரின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை.

இனி அவ்விடுதியில் ஒரு மாதம் கழிந்தவாற்றை நோக்குவோம். நாள் மணியோசையோடு தொடங்கியது. மணி என்பது யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளைக்குக் கோயிலிலே கேட்கும் பொருள். விடுதியிலோ துயிலெழவும், செபஞ் செய்யவும், உண்ணவும், படிக்கவும், படுக்கவும் அதுவே ஆணையிட்டது. காலை மாலை வழிபாடு, வேதாகம வாக்கியங்களை மனனஞ் செய்தல், வாசிப்பு, எழுத்து, கணிதம், பூமிசாத்திரம், பிற்பகலில் தையல் என்று பொழுது பகுக்கப்பட்டது. முதற் பத்தாண்டில் அச்சுப் புத்தகம் அருமையாயிருந்தது. நல்லூரிலிருந்த திருச்சபைச் சங்கத்தாரின் அச்சகத்தில் அடித்த சிறு நூல்களும் ஏட்டுப் பிரதிகளுமே கைக்கு வந்தன. 1834இல் மானிப்பாயில் அமெரிக்க மிசனாரின் அச்சியந்திரசாலை தொடங்கிய பின்னரே பாடப்புத்தகங்கள் பெருகின. 1841 முதல் உதயதாரகையும் வெளிவரலாயிற்று.

வாரத்தை நிறுத்தி வைத்தது ஞாயிறு. அன்று தையலூசியும் கணக்குப் பலகையும் மூடப்பட்டன. மாதத்தை நிறுத்தி வைத்ததோ முதலாவது திங்கட்கிழமை. அமெரிக்க மிசன் சங்கத்தார் உலகெங்கணுமுள்ள தம் நிலையங்களிலே ஒவ்வொரு மாதத்தின் முதலாந் திங்களிலும் கூட்டுச் செபம் நடத்துதலை வழக்கமாகக் கொண்டிருந்தனர். அன்று பொஸ்ரனிலும் பம்பாயிலும் ஹவாய்த் தீவிலும் கூடியவர்களைப் போலவே யாழ்ப்பாணத்தினரும் கூடித் தூர தேசத்துச் செய்திகளைக் கேட்டனர். இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் அப்பால் ஊர் கண்டிராத ஒரு சிறுமிக்கு இம்மாத வழக்கம் உலகப்படத்தைத் திறந்து காட்டிய பாடமாயிற்று. பூமிசாத்திர வகுப்பிலே கேட்ட பெயர்கள் அங்கே உயிர்பெற்றன. வேறொரு வழியாலும் தூர தேசம் அவளை வந்து தொட்டது. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலுள்ள ஒருவரோ ஒரு சபையோ ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடும் வழக்கம் இருந்தது. வட்டுக்கோட்டையிலே விசுவநாதபிள்ளை கறல் விசுவநாதபிள்ளையானதும், சதாசிவம்பிள்ளை ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளையானதும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையானதும் இவ்வழக்கத்தாலேயாம். ஆடவர் தம் பழைய பெயரையும் புதிய பெயரோடு சேர்த்துப் புத்தக முகப்பிலே பொறித்துக் காத்துக்கொண்டனர். உடுவிற் சிறுமியர்க்குப் புத்தக முகப்பு இல்லை. தாய் வைத்த பெயர் பள்ளிக் குறிப்புக்களில் மறைந்து, யாரோ ஓர் அமெரிக்கச் சீமாட்டியின் பெயர் அங்கே நின்றது. இக்காலத்தில் அப்பட்டியல்களைப் பார்ப்பவர்க்கு அவர்கள் வலிகாமத்துப் பிள்ளைகள் என்பதே தோன்றாது. மிசனார் செய்த நன்மை பல. இதனை அவற்றோடு சேர்த்தெண்ணுதல் இயலாது.

ஊரின் மாதங்களோ வேறு வகையில் நடந்தன. தையிற் பொங்கலும் நெல்லறுப்பும், மாசியில் ஒடியற் காய்ச்சலும், பங்குனி சித்திரையிற் புகையிலை வெட்டும், ஆடிப்பிறப்பிற் கூழும் கொழுக்கட்டையும், ஆவணியிற் பனம்பழமும் நல்லூர்த் தேரும், புரட்டாதியில் நவராத்திரியும், கார்த்திகையில் விளக்கீடும், மார்கழியில் திருவெம்பாவையும் வந்து போயின. விடுதி மதிலுக்கு உள்ளே இவற்றுக்கு இடமில்லை. ஆனால் ஓசைக்கு மதில் இல்லை. இணுவிற் கோயில்களின் மேளமும் நாகசுரமும் பெயர்பெற்றவை. மார்கழி விடியலில் அவ்வோசை காற்றோடு வந்தபோது, செபத்துக்கு எழுந்து நின்ற பிள்ளைகளின் உள்ளத்தில் எழுந்தது யாதென்று எழுதுவார் இலர்.

மாதம் என்னுஞ் சொல்லுக்குப் பெண்கள் வாழ்வில் மற்றொரு பொருளும் உண்டு. அதனைச் சொல்லாது விடின் இவ்வரலாறு நிரம்பாது. கிராமப் பாடசாலைக்குச் சென்ற பெண்பிள்ளை பூப்பெய்தியவுடன் மறிக்கப்பட்டாள். பத்துப் பன்னிரண்டு வயதோடு படிப்பு நின்றது. கற்ற எழுத்தும் இரண்டோர் ஆண்டில் மறந்தது. பகற் பாடசாலைகள் எத்துணை திறக்கப்பட்டும் பெண் கல்வி ஆழமாய் வேரூன்றாமைக்கு இதுவே முதற் காரணம். விடுதி இத்தடையைக் கடந்தது. பருவமெய்திய பெண் தெருவழியே நடந்து வர வேண்டியதில்லை. மதிலினுள்ளே, பெண்களின் மேற்பார்வையிலே அவள் இருந்தாள். படிப்பு முடியுமுன் திருப்பி அழைப்பதில்லை என்னும் உடன்பாட்டின்மேலேயே பிள்ளைகள் மிசன் விடுதிகளில் ஏற்கப்பட்டனர். ஊரவர் பெண்ணை மறிப்பதற்கு மதிலை வேண்டினர். பாடசாலையும் மதிலையே கொடுத்தது. ஆனால் அம்மதிலின் உள்ளே மேலும் ஐந்தாறு ஆண்டுப் படிப்பு இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண் கல்வியின் வெற்றிக்குரிய இரகசியம் வேறெங்கும் இல்லை, இங்கேதான் இருக்கின்றது.

வின்சிலோ அம்மையாரின் மறைவுக்குப்பின் ஸ்போல்டிங் ஐயரும் அவர் மனைவியாரும் பாடசாலையை நடத்தினர். 1840இல் எலைசா அக்னியூ அம்மையார் வந்து சேர்ந்தார். 1879 வரை, ஏறத்தாழ நாற்பதாண்டு, தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பாமல் அவர் அங்கே கற்பித்தார். தாயையும் மகளையும் பேர்த்தியையும் ஒரே ஆசிரியை கற்பித்த அருமை அவரால் நிகழ்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் பயின்றனர். ஆயிரம் புதல்வியரின் அன்னை என்று அவர் போற்றப்பட்டார். விடுமுறைக் காலங்களில் அவர் ஊர் ஊராய்ச் சென்று, மணமாகிப் போன பழைய மாணவியரை அவரவர் வீட்டிலே கண்டு வருவார். படிப்பு முடிந்தபின்னும் மாணவியைத் தொடர்ந்து செல்லும் இவ்வழக்கம் இக்காலத்துப் பழைய மாணவர் சங்கங்கள் யாவற்றுக்கும் முன்னோடியாம். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் என்பார் 1850இல் வெளியிட்ட தம் நூலிலே உடுவிற் பாடசாலையை விதந்து பேசியுள்ளார்.

அவ்வமைதி 1855இற் குலைந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவினர் மிசன் பாடசாலைகளின் நோக்கத்தை மீளாய்ந்து, சுவிசேஷப் பணிக்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்று தீர்மானித்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவில் மூடப்படவில்லை, ஆயின் மாணவியர் தொகை குறைக்கப்பட்டது, ஆங்கிலமும் நீக்கப்பட்டது. செமினரி மூடப்பட்டமையைக் குறித்து இன்றும் இரங்கிப் பேசுவோர் பலர். உடுவிலில் ஆங்கிலம் நீங்கியது குறித்துப் பேசுவோர் சிலரே. ஆண்களின் இழப்பு ஊரின் இழப்பாகவும் பெண்களின் இழப்பு வீட்டுக் காரியமாகவும் எண்ணப்பட்டமை இதனாற் புலனாகும். தாய்மொழிவழிக் கல்வி தன்னளவில் மேலானதே. ஆனால் அதனை மாணவியரின் நலன் கருதி எவரும் அன்று தேர்ந்தாரல்லர். அடக்கி வைப்பதற்கே அது கருவியாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. உணவும் உடையும் சீதனமும் கொடுத்துப் பிள்ளைகளை இரந்து பெற்ற பாடசாலை, பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் பாடசாலையாக மாறியது. கற்ற மாப்பிள்ளை கற்ற பெண்ணை நாடத் தொடங்கியமையே இதற்குக் காரணம். சீதனம் குறையவில்லை, படிப்புச் செலவு அதனோடு கூடியது, அவ்வளவே. இக்காலத்திலேதான் பழைய மாணவியர் வீடுகளிற் பிடியரிசி வழக்கமும் பரவியது. ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறொரு முட்டியிலே இட்டு வைத்து, அதனைச் சேர்த்துத் திருச்சபைக்குக் கொடுத்தனர். பணம் கையாளும் உரிமையில்லாத பெண்ணுக்கு அரிசிமேல் உரிமை இருந்தது என்பதை இவ்வழக்கம் காட்டுகின்றது. சைவரும் தம் மடங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பிடியரிசி சேர்த்தனர். எவர் எவரிடம் கற்றனர் என்று வாதிடுதல் வீண். இரு சமயத்தாரின் பாடசாலைகளும் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் கைப்பிடியால் அளந்த அரிசியைப் பெற்றவை என்பதே நினையத்தக்கது. 1898இல் இணுவிலிலே மகளிர்க்கும் பிள்ளைகளுக்குமான மிசன் வைத்தியசாலை தோன்றியபோது தாதிமார் தொழிலும் பெண்களுக்குத் திறந்தது. ஆசிரியத் தொழில் அதற்கு முன்னரே திறந்திருந்தது.

சைவர் பக்கத்திலே இதற்கு ஈடாக எழுந்த முயற்சி நெடுங்காலம் பிந்தியது. ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கி ஆண்பிள்ளைகளின் கல்வியை மீட்டார். பெண்பிள்ளைகளுக்கென ஒரு பெரிய சைவ விடுதிப் பாடசாலை எழுவதற்கு அதன் பின்னரும் அறுபத்தைந்து ஆண்டு செல்ல வேண்டியிருந்தது. இத்தாமதத்தை மிசனார்மீது ஏற்றிச் சொல்லுதல் நேர்மையாகாது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்னும் பழைய வினா மதிலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றாகவே இருந்தது.

இராமநாதன் இவ்வினாவுக்கு விடை கூறியவர். 1904ஆம் ஆண்டில் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலே அவர் ஆற்றிய உரையில், தாய்மொழியையும் உடையையும் கைவிட்டுப் பிறரைப் போல் நடப்போரைக் கடிந்து பேசினார். அவ்வுரை சிங்கள மக்களை நோக்கியது. அதன் கருத்தோ தம் இனத்தவர்க்கும் உரியதென அவர் அறிவார். அக்கருத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் பெற்று எழுந்ததே மருதனார்மடத்துக் கல்லூரி. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்போடு இணைந்துவிட்டமையால், உடுவிலுக்குத் திருக்கல் வண்டியிற் பிள்ளைகள் வந்த காலம் போய், றங்குப் பெட்டியோடு புகைவண்டியிற் பிள்ளைகள் வரும் காலம் பிறந்திருந்தது. மலாய் நாட்டிலே உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துத் தந்தையரும் பெண்மக்களை ஊரிலே படிப்பிக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தனர்.

அக்கல்லூரியின் முதற் காலத்துத் தலைமையைப் பற்றி ஆழ்ந்து நோக்குதல் தகும். சைவ மரபைக் காப்பதற்கெனத் தோன்றிய இடத்துக்குத் தலைவியாய் அமைந்தவர் ஓர் ஆங்கில மாது, அதிலும் நாடக மேடையிலே புகழ்பெற்றவர். புளோறன்ஸ் பார் என்னும் அவ்வம்மையார் 1860இற் பிறந்தவர். பேர்ணாட் ஷாவின் நாடகங்களில் 1892இலும் 1894இலும் நடித்தவர். கவிஞர் யேற்சின் நெருங்கிய நண்பர். யாழ் போன்றதொரு நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு கவிதையை இசையோடு ஓதும் கலையில் வல்லவர். இலண்டனில் இராமநாதனின் சமய உரைகளைக் கேட்டு ஈடுபாடு கொண்டு, 1912இல் எல்லாவற்றையும் துறந்து இலங்கைக்குப் புறப்பட்டார். தமிழ் கற்றார், தமிழ்ச் செய்யுட்களை மொழிபெயர்க்கவும் முயன்றார். மாணவியரின் பழக்கவழக்கங்களை மாற்ற முற்படாமல் மதித்து நடந்தமையே அவர்தம் சிறப்பென அவரைப் பற்றி எழுதியோர் ஒருமிக்கக் கூறுவர். உடுவிலுக்கு வந்த அம்மையார்கள் கொடுப்பதற்கு வந்தவர்கள். இவரோ பெறுவதற்கு வந்தவர். மார்பிற் புற்றுநோய் கண்டு 1917ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் கொழும்பிலே காலமானார். யேற்ஸ் தம் கவிதையொன்றிலே அவரை நினைவு கூர்ந்துள்ளமையால், மருதனார்மடத்து மாணவியர்க்குக் கற்பித்த ஒருவரின் நினைவு ஆங்கில இலக்கியத்திலும் தங்கிற்று. அவருக்குப் பின் கல்லூரியைப் பேணி வளர்த்த பெருமை இராமநாதனின் மனைவியார் இலீலாவதி அம்மையார்க்கு உரியது. அவரும் அவுஸ்திரேலியாவிற் பிறந்து சைவத்தைத் தழுவியவர்.

சைவ மகளிர் விடுதியிலே மாதம் பஞ்சாங்கத்தோடு பொருந்தி நடந்தது. சித்திரைச் சதயத்தில் அப்பர், வைகாசி மூலத்தில் சம்பந்தர், ஆனி மகத்தில் மாணிக்கவாசகர், ஆடிச் சுவாதியில் சுந்தரர் என நால்வர் குருபூசைகளும் அடுத்தடுத்த நான்கு மாதங்களில் வருவன. அம்முறையால் ஆண்டின் ஒரு பகுதி முழுவதும் தேவார திருவாசகப் பயிற்சியாகவே அமைந்தது. குருபூசைக்கு ஒருத்தி பண்ணோடு பாட, ஒருத்தி அடியார் சரித்திரத்தைப் பேச, ஒருத்தி கோலமிட, ஒருத்தி மாலை கட்ட வேண்டும். மேடைப் பேச்சும் இசையும் தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுமுன் பூசைவழியாகவே கற்கப்பட்டன. நவராத்திரி பள்ளிக்கே உரிய திருவிழா. புத்தகமும் வீணையும் கொலுவில் ஏறிய நாள்களில் படிப்புக்கு ஓய்வு. விசயதசமியன்று ஏடு தொடக்கல். ஐப்பசியிலே கந்தசட்டி உபவாசம். தை, சித்திரை, ஆவணி என மூன்று தவணைகளாய்ப் பகுத்த அரசாங்கத்தின் கல்வியாண்டு இப்பஞ்சாங்கத்தோடு எப்போதும் இசைந்ததில்லை. ஆகத்து விடுமுறை நல்லூர்த் திருவிழாவோடு ஓரளவு பொருந்தியது. மார்கழி விடுமுறையோ திருவெம்பாவை நாள்களைப் பலமுறை விழுங்கியது. பிள்ளைகள் தம் ஊர்க் கோயிலிலே அதனைப் பாடினர்.

மிசன் விடுதியில் ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதோறும் சீராய் வந்தது. சைவ விடுதியிற் சிறப்பு நாள்கள் கூட்டங் கூட்டமாய் வந்து, இடையிலே வெறிதாய்ச் சில வாரங்கள் கழிந்தன. ஒழுங்கு முன்னையதிற் பெரிது. எதிர்நோக்கும் இன்பம் பின்னையதிற் பெரிது.

இரண்டிற்கும் பொதுவானவையும் பல. கட்டணப் பணம் இரண்டிலும் தந்தையின் கையைப் பார்த்தது. வீட்டிலிருந்து வரும் பலகாரப் பொட்டலம் இரண்டிலும் கூடியிருந்து பகிரப்பட்டது. கடிதம் இரண்டிலும் மூத்தோர் கண்பட்டே உள்ளேயும் வெளியேயும் சென்றது. தையலும் றேந்தை பின்னலும் இரண்டிலும் மணப்பெண்ணின் தகுதியாக எண்ணப்பட்டன.

இவ்விடத்தில் இராமநாதனின் மற்றொரு பக்கத்தையும் மறைக்காது கூறல் வேண்டும். 1927இல் டொனமூர்க் குழுவினர் வந்தபோது, எல்லார்க்கும் வாக்குரிமை வழங்குவதையும், சிறப்பாகப் பெண்களுக்கு அதனை வழங்குவதையும் அவர் எதிர்த்தார். சாதி வேறுபாடுகளைக் காக்கும் கருத்தும் அவருடையது. பெண்ணுக்கு வித்தை வேண்டும், வாக்கு வேண்டா என்னும் இந்நிலை இக்காலத்தார்க்கு முரணாகத் தோன்றும். அவர்க்கு அது முரணன்று. வீட்டின் விளக்காய் இருப்பதற்கே அவர் கல்வியை விரும்பினார். மேலே கூறிய வின்சிலோ அம்மையாரின் காலத்து மிசனாரும் வேறு கருத்தினர் அல்லர். 1929இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமாசனம் வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு, ஒரே வாங்கிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருப்பதற்கு ஊர் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதைக் காட்டியது. இராமநாதன் 1930ஆம் ஆண்டு நவம்பரிற் காலமானார். அடுத்த ஆண்டிலே பெண்கள் வாக்களித்தனர். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தொகுதிகளில் அத்தேர்தல் பகிட்கரிக்கப்பட்டமையால், உடுவிலிலும் மருதனார்மடத்திலும் கற்ற பெண்கள் தம் ஊரிலே அவ்வுரிமையைச் செலுத்த 1934 வரை காத்திருந்தனர். அதற்கிடையில் 1932இலேயே நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகிவிட்டார்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது, கட்டணத்தோடு கட்டுண்டிருந்த இவ்விடுதி வாழ்க்கையின் அடித்தளம் மாறியது. ஊருக்கு அண்மையிலேயே மகாவித்தியாலயங்கள் எழுந்தன. பேருந்திலும் ஈருருளியிலும் பருவமடைந்த பெண்கள் வெளிப்படையாய்ப் பாடசாலைக்குச் சென்றனர். மறிக்கும் வழக்கம் அருகவே மதிலின் தேவையும் அருகியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளை ஏற்றபோது உடுவில் தனியார் பாடசாலையாகவே நின்றது. மருதனார்மடத்திலே இராமநாதன் பெயரால் 1960இற் தோன்றிய இசைக் கல்விக் கழகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அப்பல்கலைக்கழகமே 1974இல் இராமநாதனின் மற்றொரு நிறுவனமான திருநெல்வேலிப் பரமேசுவராக் கல்லூரி வளவிலே தொடங்கியதாகும்.

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது இரு பாடசாலைகளும் வெறுமையாயின. தென்மராட்சியிற் கொட்டில்களிலும் மரநிழலிலும் பிள்ளைகள் படித்த மாதங்களுக்கு ஞாயிறுமில்லை, திதியுமில்லை. அடுத்த ஆண்டில் ஊர் திரும்பியவர்கள் பாடசாலைக் குறிப்பேடுகள் பல அழிந்திருக்கக் கண்டனர். இத்தகைய ஏடுகளுள் எஞ்சியவற்றை ஒன்றுசேர்த்து, முதியராயுள்ள பழைய மாணவியரின் வாய்மொழியையும் பதிவு செய்து வைப்பது இப்பொழுதே செய்யத்தக்க வேலை. முக்கியமாக 1940களில் விடுதியிற் பயின்றோர் இன்று மிகச் சிலரே உளர். அமெரிக்கப் பெயரின் பின்னே மறைந்த தாய்வைத்த பெயர்களுட் சிலவாவது குடும்பங்களின் நினைவிலே தேடினால் இன்னும் அகப்படக்கூடும்.